வலப்பக்க இருக்கையில் அண்ணன்

அம்மா யாரிடம் பேச ஆரம்பித்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் தம்பியின் விமானம் வந்துவிடும். முகப்பேரில் எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் கீரை கொண்டுவருகிற பெண்மணிக்குக்கூட அது தெரியும். முதல்முறை கேட்டபோது அவர் முருங்கைக்கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா சொல்ற? உம் புள்ள ஏரோப்ளேன் ஓட்றாரா? எங்க நிறுத்திக்கீறாரு, ஊட்டாண்டயா?"

"சொந்தமா இல்லம்மா. வாடகைக்கு எடுத்து ஓட்றான். லைசென்ஸ் வாங்கியிருக்கான். சின்ன ப்ளேன், நாலு பேர் உக்காரலாம்."

"பெரியவரு இன்னா பண்றாரு?"

"அவன் மண்ணூர்பேட்டைல கம்பெனிக்குப் போறான்."

என்னைப் பற்றிய பேச்சு அத்துடன் முடிந்தது. நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அன்று முழுவதும் தொழிற்சாலையில் மைக்ரோமீட்டரால் இரும்பு உருளைகளின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தபோது அம்மாவின் அந்தக் குரல் காதிலேயே இருந்தது.

விமானம் என்னுடைய ஆசை. தம்பியுடையது அல்ல. அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். குவார்ட்டர்ஸில்தான் நாங்கள் இருவரும் வளர்ந்தோம். நான் மொட்டைமாடியில் நின்று போகிற விமானம் என்ன ரகம் என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அவன் கீழே மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பான். பழைய புத்தகக் கடையில் கிழிந்த அட்டையுடன் கிடைத்த விமானப் பயிற்சிப் புத்தகத்தைப் பத்தாம் வகுப்பு முடிவதற்குள் மூன்று முறை படித்திருந்தேன். மேகங்களின் பெயர்கள், இறக்கை எப்படித் தூக்குகிறது, இன்ஜின் நின்றால் முதலில் என்ன செய்ய வேண்டும், எல்லாம் மனப்பாடம்.

இருபது வயதில் விமானப் பயிற்சிக்கு மருத்துவச் சோதனை. தம்பிக்கு அப்போது பதினெட்டு. துணைக்கு வந்திருந்தான். டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். "என்ன நம்பர் தெரியுது?" என்றார். எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. அடுத்த பக்கம். அதிலும் புள்ளிகள். நான் திணறுவதைப் பார்த்து, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பி எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, "நாப்பத்தஞ்சுண்ணா" என்று மெதுவாகச் சொன்னான்.

டாக்டர் சிரித்தார். அவனைப் பார்த்து, "நீ வேணா பைலட் ஆகுப்பா" என்றார். பிறகு என்னிடம், சிவப்பும் பச்சையும் உனக்குச் சரியாகப் பிரியவில்லை, இது அம்மா வழியாக வருவது, ஒரு பிள்ளைக்கு வரும், இன்னொரு பிள்ளைக்கு வராமலும் போகும் என்று விளக்கினார். பேருந்தில் திரும்பி வரும்போது தம்பி என் பக்கத்தில் அழுதுகொண்டே வந்தான். எனக்கு அவன்மேல் வந்த வெறுப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அதன்பின் பதினெட்டு வருடம் அவன் விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மென்பொருள் வேலைக்குப் போனான், கல்யாணம் செய்துகொண்டான், பாரிவாக்கத்தில் வீடு கட்டினான். முப்பத்தாறு வயதில், அலுவலக நண்பர் ஒருவர் கூப்பிட்டார் என்று ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போனவன், பொழுதுபோக்காக ஓட்டுவதற்கான உரிமத்துக்குப் படிக்க ஆரம்பித்துவிட்டான். பாடங்களில் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவான். எங்கள் சாப்பாட்டு மேஜையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு, எடை கூடினால் ஓடுபாதை எவ்வளவு நீளம் வேண்டும், வெயில் ஏறினால் இன்ஜின் ஏன் சோர்கிறது என்று கேட்பான். நான் சொல்வேன். நான் சொன்னதை எழுதித் தேர்வில் தேறினான்.

அவன் தப்பு செய்வதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது. விபத்தெல்லாம் வேண்டாம், கடவுளே. சின்னதாக ஒரு மறதி போதும். இரண்டு முறை அவனுடன் பயிற்சிப் பள்ளிக்குப் போய் விமானக் கொட்டகை ஓரமாக நின்று பார்த்தேன். விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஒவ்வொரு திருகாகத் தொட்டுப் பார்ப்பான். இறக்கையின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைச் சின்னக் குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். எத்தனை மணி நேர எரிபொருள் என்று முள்ளை நம்பாமல் தொட்டியில் குச்சி விட்டு அளப்பான். நான் காத்திருந்தேன். அவன் ஒன்றையும் விடவில்லை.

தனக்கென்று சில எல்லைகளையும் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். அதில் ஒன்று, ஓடுபாதைக்குக் குறுக்கே வீசும் காற்றின் வேகம் எட்டு 'நாட்', அதாவது மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர், அதற்கு மேல் இருந்தால் கிளம்புவதில்லை என்பது.

"அந்த ப்ளேன் பதினஞ்சு வரைக்கும் தாங்கும்டா" என்றேன்.

"ப்ளேன் தாங்கும்ண்ணா. நான் தாங்கணுமே" என்றான்.

எரிச்சலாக இருந்தது. நான் ஓட்டியிருந்தால் பதினைந்திலும் இறக்கியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாளும் ஓட்டாதவனுக்கு அப்படி நினைப்பது சுலபம்.

உரிமம் கைக்கு வந்தபின் முதலில் அம்மாவையும் என்னையும் ஏற்றிச் செல்வதாகச் சொன்னான். ஓர் ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை. பயிற்சிப் பள்ளி சென்னையிலிருந்து காரில் நான்கு மணி நேரம். விடியலுக்கு முன்பே கிளம்பியும் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. மூன்று பேரும் ஒன்றாகப் போய்விடலாமே என்று அம்மா கேட்டாள். இந்த எரிபொருளுக்கும் இந்த வெயிலுக்கும் எடை ஒத்துவராது, ஒவ்வொருவராகத்தான் என்று தம்பி சொல்லிவிட்டான். அது சரியான கணக்கு. நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. "முதல்ல அம்மா" என்றான். அதுவும் சரிதான். ஆனாலும் நான் அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

இருபது நிமிடம் கழித்து அம்மா இறங்கி வந்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அப்பா இறந்ததற்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. "ஏரியெல்லாம் தட்டு மாதிரி கெடக்குதுடா" என்றாள். தம்பியின் கன்னத்தைத் தடவினாள்.

அடுத்து நான் என்று நினைத்திருந்தேன். அதற்குள் பள்ளியின் மாணவர்கள் வரிசையாகப் பறக்க வந்துவிட்டார்கள். மீண்டும் எங்களுக்கு விமானம் கிடைத்தபோது மணி இரண்டரை. மேற்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது, அடிப்பக்கம் கறுத்து, மேலே காலிஃபிளவர் மாதிரி. தம்பி கம்பத்தில் பறந்த காற்றுப் பையைப் பார்த்தான். வானொலி அறையில் போய்க் கேட்டுவிட்டு வந்தான். பயிற்சியாளர் ஒரு மாணவனுடன் மேலே இருந்தார். காலையிலேயே தம்பிக்கு அனுமதி கொடுத்து, மதியத்துக்கு மேல் காற்றைப் பார்த்து நீயே முடிவு செய் என்று சொல்லியிருந்தார்.

"ண்ணா, இன்னிக்கு வேணாம்" என்றான் தம்பி. "காத்து இப்ப ஏழு. ஆனா அந்த மேகத்தப் பாரு. அடுத்த வாரம் காலைல நீயும் நானும் மட்டும் வரலாம்."

அந்த மேகம் என்ன செய்யும் என்று அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இடி மேகம் மழையை இறக்கும்போது குளிர்ந்த காற்று கீழே விழுந்து நாலா பக்கமும் பாயும். மழை பத்து மைல் தள்ளிப் பெய்தாலும் காற்று முதலில் வந்து நிற்கும். பரீட்சைக்கு முன் அவனுக்கு அதை நான்தான் படம் போட்டுக் காட்டினேன். அன்று அது ஒன்றும் என் நினைவில் நிற்கவில்லை. பெஞ்சிலிருந்து அவன் "நாப்பத்தஞ்சுண்ணா" என்று சொன்னது மட்டும்தான் காதில் கேட்டது.

"ஏழுதானே? உன் அட்டைல எட்டு போட்டிருக்க" என்றேன். "அம்மாவ ஏத்திக்கினு போவத் தெரியுது. என் முறை வந்தா மேகம் வந்துடுது உனக்கு."

"அப்படியில்லண்ணா."

"பின்ன எப்படி? இருபது வருஷமா தரைல நின்னு பாத்துக்கினு கீறேன்டா. உனக்கு பயமா இருந்தா பயம்னு சொல்லு. மேகத்து மேல போடாத."

வேண்டுமென்றேதான் அப்படிப் பேசினேன். பயம் என்ற சொல் அவனை எங்கே போய்த் தைக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு, "சரி வா. பத்து நிமிஷம். நான் திரும்பணும்னா திரும்பிடுவேன்" என்றான்.

சின்ன விமானத்தில் விமானி இடப்பக்கம் உட்காருவார். எனக்கு வலப்பக்கம். என் முன்னாலும் ஒரு கைப்பிடி இருந்தது. அவன் கை அசையும்போது அதுவும் அசைந்தது. தரை விலகியபோது எனக்கு அழுகை வரும் என்று பல வருடங்களாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். வரவில்லை. நான் ஏரியைப் பார்க்கவில்லை, வயலைப் பார்க்கவில்லை. தம்பியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை அவசரமில்லாமல் வேலை செய்தன. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் விரலில் இருந்தது. அவ்வளவு உயரத்தில் போயும் எனக்கு அது ஒன்றுதான் கண்ணில் பட்டது.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மேற்கே தரையோடு ஒட்டிச் செம்மண் தூசி எழும்பி வருவதைக் காட்டினான். "திரும்பறேன்ண்ணா."

"இப்பதானே வந்தோம்."

அவன் அதற்குள் விமானத்தைத் திருப்பிவிட்டிருந்தான். வானொலியில் காற்றைக் கேட்டான். குறுக்கே பன்னிரண்டு, இடையிடையே பதினெட்டு வரை தூக்குகிறது என்று குரல் வந்தது.

ஓடுபாதைக்கு நேராக வரும்போது விமானத்தின் மூக்கு பாதையைப் பார்க்காமல் காற்றின் பக்கமாகத் திரும்பியிருந்தது. ஜன்னல் வழியாகத்தான் பாதை தெரிந்தது. நாங்கள் நண்டு மாதிரி சாய்ந்து இறங்கினோம். தரைக்கு மேலே ஒரு தென்னை உயரம் இருக்கும்போது காற்று ஒரு அடி அடித்தது. ஒரு பக்கத்து இறக்கை மேலே போனது. பாதை எங்கள் அடியிலிருந்து நழுவி ஓரமாகப் போயிற்று.

"இறக்கிடுடா" என்றேன்.

"பேசாதண்ணா" என்றான். குரலை உயர்த்தவில்லை. இன்ஜினுக்கு முழு வேகம் கொடுத்து, மூக்கை மெதுவாகத் தூக்கி, மீண்டும் மேலே போய்விட்டான். கொட்டகை வாசலில் அம்மா கையை நெற்றிக்கு மேல் வைத்து நிற்பது ஒரு நொடி தெரிந்து மறைந்தது.

மேலே வட்டமடிக்கும்போது அவன் தனக்குத்தானே சொல்வதுபோல் உரக்கச் சொன்னான்: "இன்னொரு தடவை பாப்பேன். சரியா வரலைன்னா கிழக்கே அடுத்த ஓடுபாதைக்குப் போயிடுவோம். அரைமணி நேரம். பெட்ரோல் மூணு மணி நேரத்துக்கு இருக்கு." குச்சி விட்டு அளந்த எரிபொருள் அது.  முழங்காலை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது முறை காற்று வந்த பக்கத்து இறக்கையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டே இறக்கினான். ஒரு சக்கரம் முதலில் தட்டியது, குதித்தது, மீண்டும் தட்டியது, பிறகு மற்றதும் உட்கார்ந்தது. விமானம் நின்றபின் அவன் எல்லாவற்றையும் வரிசையாக அணைத்தான். சரிபார்க்கும் பட்டியலை எடுத்து ஒன்றொன்றாகப் படித்து அணைத்தான். அதற்கப்புறம்தான் உள்ளங்கைகளைப் பேன்ட்டில் துடைத்தான். 

அம்மா ஓடி வந்து தம்பியின் தோளில் அடித்தாள். "அறிவிருக்காடா உனக்கு? இந்தக் காத்துல அண்ணன ஏத்திக்கினு போவியா? ஏதாச்சும் ஆயிருந்தா?"

தம்பி தலைகுனிந்து நின்றான். "தப்புதாம்மா" என்றான்.

நான் பேசாமல் நின்றேன். பேசவேண்டிய இடம் அதுதான்.  அம்மா அவனைத் திட்டுவதைக் கேட்க எனக்கு இதமாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் அவள் திட்டினாள். நான் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் வந்தேன்.

அந்த வாரம் தம்பி பயிற்சிப் பள்ளிக்கு ஒரு அறிக்கை எழுதினான். யாரும் கேட்கவில்லை. விமானத்துக்குச் சேதமும் இல்லை. "காத்து, நேரம் எல்லாம் சரியா எழுதியிருக்கேனான்னு பாருண்ணா" என்று எனக்கு அனுப்பினான். நான் தரச் சோதனையில் வேலை செய்பவன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு உருளை தப்பானால், இரவு ஷிஃப்ட் எழுதுகிற அறிக்கையில் தப்பு பகல் ஷிஃப்ட்டுடையது. பகல் ஷிஃப்ட் எழுதுவதில் இரவு ஷிஃப்ட்டுடையது. தம்பியின் அறிக்கையில் என்னைத் தேடினேன். "பயணி பறக்க ஆர்வமாக இருந்தார். கிளம்ப வேண்டாம் என்று எனக்குத் தெரிந்திருந்தும் கிளம்பினேன். முடிவு என்னுடையது. என் எல்லைக்குள் இருக்கிறது என்று இப்போதைய காற்றை மட்டும் பார்த்தேன், வரப்போகும் காற்றைப் பார்க்கவில்லை" என்று எழுதியிருந்தான். நான் சொன்ன வார்த்தைகளில் ஒன்றுகூட இல்லை.

பயிற்சியாளர் அவனைத் தனியாக ஓட்டவிடாமல் நிறுத்தி, குறுக்குக் காற்றில் இறங்குவதற்கு மறுபடி பயிற்சி கொடுத்தார். அந்தச் செய்தியை அம்மா சொன்னபோது நான் நன்றாகச் சாப்பிட்டேன். இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். என் மனைவி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

மூன்று வாரம் அப்படிப் போனது, அவன் பயிற்சியும் முடிந்தது. ஒரு ஞாயிறு காலை அம்மா தம்பியிடம் போனில், என் பேத்தியை அந்த ப்ளேனில் ஏற்றினால் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் மகளுக்கு எட்டு வயது. அப்பாவோடு பறக்க வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள். அம்மா போனை வைத்ததும் நான் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு அவன் வேணாம்னுதான் சொன்னான். நான்தான் சீண்டிக் கிளப்பினேன்."

அம்மா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "தெரியும். நீ கத்தினது கொட்டகை வரைக்கும் கேட்டுது" என்றாள்.

"தெரிஞ்சுமா அவனத் திட்டின?"

"ஓட்டினது அவன்தானே? வேணாம்னா வேணாம்னு நிக்கணும். அதுக்குத் திட்டினேன்." அடுத்த காயை எடுத்துக்கொண்டே, "உன்னத் திட்டினா நீ இன்னும் உள்ளுக்குள்ள வச்சு வச்சுக் கருகுவ. அதான் விட்டேன்" என்றாள்.

அவளுக்கு என்னைப் பற்றி இவ்வளவு தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

தம்பியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதைப் பெரிதாக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு யோசனை சொன்னான். இனிமேல் பறப்பதற்கு முந்தின நாள் மாலை எனக்குப் போன் செய்வான். வானிலை, எடை, தூக்கம், உடம்பு எல்லாவற்றையும் சொல்வான். நான் போகலாம் அல்லது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். "நான் ஆசைல இருப்பேன். நீ வெளிய இருந்து பாப்ப. உனக்கு என்னவிட நல்லாத் தெரியும்ண்ணா" என்றான்.

எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமை மாலைகளில் நான்கு மணியிலிருந்தே வானிலைப் படங்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். இரண்டு முறை வேண்டாம் என்றேன். ஒரு முறை காலைப் பனி, ஒரு முறை அவனுக்குச் சளி. மூக்கடைத்துக்கொண்டு உயரத்துக்குப் போனால் காதும் தலையும் வலித்துக் கவனம் சிதறும். இரண்டும் சரியான முடிவுகள். ஆனால் இரண்டு முறையும், வேண்டாம் என்று சொல்லும்போது வாயில் ஒரு இனிப்பு ஊறியதைக் கவனித்தேன்.

தையில் ஒரு சனிக்கிழமை அழைத்தான். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. காற்று நான்கு. அம்மா சம்மதித்துவிட்டாள், மகளை முதல்முறை ஏற்றப்போகிறேன் என்றான். குரலில் சிரிப்பு இருந்தது.

"நேத்து எத்தன மணிக்குத் தூங்கின?" என்றேன்.

"பன்னெண்டு ஆயிடுச்சுண்ணா. ஆபீஸ் வேலை. ஆனா இன்னிக்குச் சீக்கிரம் படுத்துடுவேன்."

"வாரம் பூரா சரியாத் தூங்கல நீ. குழந்தைய வச்சுக்கினு வேணாம்டா."

 "சரிண்ணா" என்றான்.

மறுநாள் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தேன். மதியம் போய்ப் பார்த்தேன், மாலையிலும் பார்த்தேன். ஒரு மேகத் துணுக்குகூட இல்லை. அவன் தூங்கவில்லை என்பது உண்மை. ஆனால் நான் வேண்டாம் என்றது அதனால் மட்டும்தானா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். 

அன்று சாயங்காலமே பாரிவாக்கத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவன் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தான். மகள் படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"என்னக் கேக்காதடா இனிமே" என்றேன். "நேத்து நான் வேணாம்னு சொன்னது உன் தூக்கத்துக்காகவா, நீ பறக்கறது பொறுக்காமயான்னு எனக்கே தெரியல. அன்னிக்கு உன்னச் சீண்டிக் கிளப்பினதும் அதே ஆளுதான்."

அவன் குழாயை மூடினான். துணியைப் பிழிந்து காரின் மேல் காயப்போட்டான். என்னைச் சமாதானப்படுத்துவான் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவன், "சரிண்ணா. நான் பயிற்சி மாஸ்டரையே கேட்டுக்கறேன்" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். நான் அதைச் சொல்வதற்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். இருந்தாலும் அவன் வாயிலிருந்து வந்தபோது யாரோ கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. காபி குடிக்காமல் திரும்பிவிட்டேன்.

இப்போது அவன் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டு போகிறான். மகளை இரண்டு முறை ஏற்றிச் சென்றுவிட்டான். எனக்கு மறுநாள் அம்மா சொல்லித்தான் தெரியும்.

போன மாதம், உரிமம் வாங்கியபின் முதல்முறையாக, வேறோர் ஊர் ஓடுபாதை வரை போய்த் திரும்பினான். வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னான். குறை கண்டுபிடிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு முழுக்கக் கேட்டேன். அவன் போனபிறகுதான் ஒரு இடம் உறுத்தியது. அந்த ஊர் ஓடுபாதை தரை, உயரமானியில் எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே வந்துவிட்டதுபோல் இருந்தது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். உயரமானியில் அந்தந்த ஊர்க் காற்றழுத்தத்தை மாற்றி வைக்க வேண்டும். கிளம்பிய ஊர் அழுத்தத்திலேயே விட்டுவிட்டால் முள் காட்டுகிற உயரம் ஒன்று, உண்மையான உயரம் இன்னொன்று. சொல்வதா, இதுவும் என் பழைய குணமா என்று அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு போன் செய்தேன்.

"அந்த ஊரு பிரஷர மாத்தி வச்சியா?"

 "இல்லண்ணா. மறந்துட்டேன்" என்றான். "அட்டைல எழுதிக்கறேன்."

சரி என்று வைத்துவிட்டேன். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.